அமெரிக்கத் தேர்தல் பட்டன்கள்: எது அசல், எது நகல், எதைச் சேர்ப்பது?

கேள்வி, 2 ஜூலை 2024

"மிச்சிகனில் இருக்கிறோம். எதிர்வீட்டுப் பாட்டி வீட்டைக் காலி செய்துகொண்டு மகளிடம் போகும்போது என் பையனைக் கூப்பிட்டு ஒரு பிஸ்கட் டப்பா கொடுத்துவிட்டுப் போனார். டப்பா நிறையத் தேர்தல் பட்டன், சட்டையில் குத்திக்கொள்வார்களே அது. மெக்கின்லி, பிரையன், டெடி ரூஸ்வெல்ட், வில்சன், வில்கி, ஐசன்ஹோவர் என்று பழைய அதிபர் வேட்பாளர்கள் ஒரு வரிசையே இருக்கிறது. சிலது நேற்று வாங்கியது மாதிரி பளபளக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் பழசு என்றால் நல்ல விலைக்குப் போகுமே, விற்றுப் பையன் பேரில் போட்டு வைக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

2 ஜூலை 2024

விலை பேசுவதற்கு முன்னால் விளிம்பைப் பாருங்கள். முகப்புப் படம் பின்பக்கமாக மடிந்து இறங்கும் அந்தக் குறுகிய ஓரம். எழுத்து மிகப் பொடியாக இருக்கும். போனில் படமெடுத்துப் பெரிதாக்கினால் தெரியும். "ஏ-ஓ-1972" என்று இருந்தால் அது அமெரிக்கன் ஆயில் கம்பெனி 1972 தேர்தல் சமயத்தில் விளம்பரத்துக்காகக் கொடுத்த நகல். கிளீனெக்ஸ் பெயரும் 68 என்ற ஆண்டும் இருந்தால் அந்த டிஷ்யூ கம்பெனி அதற்கு முந்தின 1968 தேர்தல் சமயத்தில் கொடுத்தது. மெக்கின்லி பளபளக்கிறார் என்றதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

3 ஜூலை 2024

மிச்சிகன்காரர்கள் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் ஏ-ஓ, சிலவற்றில் கிளீனெக்ஸ், மிச்சத்தில் ஒன்றுமில்லை. அந்த மிச்சத்தைத்தான் இனி கவனமாகப் பார்க்க வேண்டும்.

1896க்கும் 1916க்கும் இடைப்பட்ட அசல் பட்டன் அநேகமாக செல்லுலாய்டு. காகிதத்தில் படம் அச்சடித்து, அதன்மேல் மெல்லிய செல்லுலாய்டுத் தாளைப் போர்த்தி, இரண்டையும் சேர்த்து ஓர் உலோக வட்டின் மேல் அழுத்துவார்கள். பின்னால் ஒரு வளையம் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்த வளையத்துக்குள் கம்பி ஊசி. தகரத்திலேயே நேரடியாகப் படம் அச்சடித்து வெட்டி எடுக்கும் லித்தோ பட்டன் பரவலானது 1920 வாக்கில்தான். ஆகவே மெக்கின்லி லித்தோ தகரத்தில் இருந்தால், விளிம்பில் எழுத்து இருக்கிறதோ இல்லையோ, அது அவர் காலத்துப் பொருள் இல்லை.

கண்டுபிடிப்பது சுலபம். பட்டனைச் சாய்த்துப் பிடியுங்கள். செல்லுலாய்டில் படம் ஒரு கண்ணாடிக்கு அடியில் இருப்பது போலத் தெரியும். ஓரத்தில் லேசான பழுப்பு ஏறியிருக்கும். லித்தோவில் படம் மேலேயே இருக்கும், கீறல் விழுந்த இடத்தில் வெள்ளைத் தகரம் எட்டிப் பார்க்கும். அப்புறம் பின்பக்கம். நியூஜெர்சி, நுவார்க் நகரில் இருந்த வைட்ஹெட் அண்ட் ஹோக் கம்பெனிதான் 1896இல் இந்தத் தொழிலை நாடு முழுக்கக் கொண்டு போனது. குழிவான பின்பக்கத்தில் காப்புரிமைத் தேதிகளோடு வட்டமாக ஒரு காகிதம் ஒட்டியிருப்பார்கள். அந்தக் காகிதம் பழுத்து, கம்பி உரசிய தடத்தோடு இருந்தால் நம்பிக்கையோடு மேற்கொண்டு பார்க்கலாம்.

3 ஜூலை 2024, இரவு

சொல்ல விட்டுப்போனது. அந்த 1968, 1972 நகல்களைக் கொடுத்தவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை, விளிம்பில் ஆண்டு போட்டுத்தான் கொடுத்தார்கள். ஏமாற்று வேலை அப்புறம் கைமாறிய இடத்தில் நடந்தது. அந்த எழுத்தைச் சுரண்டினார்கள், அல்லது பெயிண்ட் பூசினார்கள். இங்கே ஒஹாயோவில் ஒரு பழைய சாமான் சந்தையில் ஒருவர் வில்சன் பட்டனுக்கு எண்பது டாலர் கேட்டார். விளிம்பு மட்டும் தனிக் கறுப்பாக இருந்தது. கையில் வாங்கி நகத்தை வைத்ததும் பெயிண்ட் பொடியாக உதிர்ந்தது. அவர் பட்டனை வாங்கிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு அடுத்த ஆளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு இன்னமும் அதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது, ஏனென்றால் அந்த மேசைக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள்.

1973 நவம்பரில் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது: ஹாபி புரொடெக்‌ஷன் ஆக்ட். அரசியல் பொருளின் நகலைச் செய்தால், செய்த ஆண்டை அழியாதபடி அந்தப் பொருளிலேயே பொறிக்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் 1968, 1972 சரக்கு அதற்கு முந்தியது, இன்றைக்கும் டப்பா டப்பாவாகக் கிடைக்கிறது.

5 ஜூலை 2024

"அப்போ 1896க்கு முன்னால் எதுவுமே இல்லையா அண்ணா?" என்று ஒரு தம்பி கேட்கிறார்.

இருந்தது. 1789இல் வாஷிங்டன் பதவியேற்றபோது போட்டது நிஜமாகவே பட்டன், கோட்டில் தைத்துக்கொள்வது. பித்தளையிலோ தாமிரத்திலோ அவர் பெயரின் முதலெழுத்துகள், சுற்றி வாழ்த்து. சிலவற்றில் 13 மாநிலங்களின் எழுத்துகள் சங்கிலி மாதிரி கோத்திருக்கும். 1840இல் ஹாரிசன் பிரச்சாரம் தொடங்கியதும் மரக்குடிசைப் படம் போடாத பொருளே இல்லை. தட்டு, கைக்குட்டை, ரிப்பன், டோக்கன் எல்லாவற்றிலும் குடிசை. இத்தனை ஆர்ப்பாட்டத்தோடு ஜெயித்தவர் பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்துபோனார். 1860இல் லிங்கனுக்கு வந்தது ஃபெரோடைப்: மெல்லிய இரும்புத் தகட்டில் எடுத்த நகத்தளவு புகைப்படம், சுற்றிப் பித்தளை வளையம், ஒரு பக்கம் லிங்கன், திருப்பினால் துணை வேட்பாளர் ஹாம்லின். மேலே ஓட்டை இருக்கும், நூல் கோத்துச் சட்டையில் தொங்கவிட. முதல்முறையாகச் சாதாரண ஜனங்கள் வேட்பாளரின் உண்மையான முகத்தை நெஞ்சில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள்.

இவையெல்லாம் விலை அதிகம். ஆரம்பிப்பவர்கள் கிட்டேயே போக வேண்டாம்.

7 ஜூலை 2024

1896 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. நான் இருப்பது ஆக்ரனில், அரை மணி நேரம் காரில் போனால் கேன்டன், மெக்கின்லி ஊர்.

நாட்டுப் பணத்துக்கு ஆதாரம் தங்கமா வெள்ளியா என்பதுதான் அந்தத் தேர்தலின் சண்டை. மெக்கின்லி தங்கம். பிரையன், பதினாறு பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு தங்கம் என்ற கணக்கில் வெள்ளி நாணயம் வேண்டும் என்றார். பணக்கொள்கை மாதிரி வறண்ட ஒரு விஷயத்தை ஜனங்கள் சட்டையில் குத்திக்கொண்டது எப்படி என்று பாருங்கள். மெக்கின்லி ஆட்கள் தங்க நிற வண்டு குத்திக்கொண்டார்கள். சில வண்டுகளில் ஒரு விசை இருக்கும். தட்டினால் இறக்கை படக்கென்று விரியும், ஒரு இறக்கையில் மெக்கின்லி முகம், இன்னொன்றில் துணை வேட்பாளர் ஹோபார்ட் முகம். பிரையன் ஆட்கள் வெள்ளி வண்டு. ஒரு பட்டனில் கடிகாரம், முள் 12 மணி 44 நிமிடத்தில் நிற்கும், அதாவது ஒரு மணிக்குப் பதினாறு நிமிடம் இருக்கிறது. பதினாறுக்கு ஒன்று! இதைப் போட்டவனுக்கு நான் எழுந்து நின்று கை தட்டுவேன்.

சோப்பில் செய்த குழந்தையும் உண்டு. சின்ன அட்டைப் பெட்டியில் படுத்திருக்கும், கழுத்தில் ஒரு சீட்டு: எங்கள் அப்பா மெக்கின்லிக்குத்தான் ஓட்டுப் போடுவார். சோப்பு என்பதால் பெரும்பாலும் கரைந்தோ வெடித்தோ போய்விட்டது. முழுசாக மூக்கு, விரல் எல்லாம் இருக்கும் குழந்தை கிடைப்பது அபூர்வம்.

மெக்கின்லி ஊர் ஊராகப் போகவில்லை. கேன்டனில் தன் வீட்டுத் திண்ணையில் நின்று பேசினார். ஜனங்கள் ரயிலேறி வந்தார்கள், ஏழு லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு கூட்டமும் தன் ஊர்ப் பெயர் போட்ட ரிப்பனைக் குத்திக்கொண்டு வந்தது. கேன்டன் பக்கம் ஒரு எஸ்டேட் சேலில் (ஒரு வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்பது), தையல் பெட்டிக்கு அடியில், அப்படி ஒரு ரிப்பன் எனக்குக் கிடைத்தது. நீலப் பட்டு, கீழே பொன்னிறக் குஞ்சம். மடித்த இடத்தில் இழை இழையாகப் பிரிந்திருந்தது. ஊசி குத்திய இரண்டு ஓட்டையைச் சுற்றியும் துருவின் வட்டம். பின்பக்கம் பென்சிலில் ஒருவரின் பெயரெழுத்தும் "அக்டோபர்" என்ற வார்த்தையும். கடையில் வைத்தால் கிழிந்த ரிப்பன் என்று விலையைக் குறைப்பார்கள். என்னிடம் இருப்பதில் நான் கடைசிவரை விற்காமல் வைத்துக்கொள்ளப்போவது இது. ஒருவர் இதைக் குத்திக்கொண்டு ரயிலில் வந்திருக்கிறார், வீட்டுக்குப் போய் எடுத்து வைத்திருக்கிறார், அவருக்கு அது முக்கியமான நாள்.

என் சேகரிப்பே இந்த ஒரு விஷயத்தில் நிற்கிறது. பெட்டியை விட்டே இறங்காத புத்தம்புது பட்டனைவிட, யாரோ குத்திக்கொண்டு தெருவில் நடந்த பட்டன் எனக்கு மேல். சந்தை இதை ஒத்துக்கொள்ளாது. பரவாயில்லை.

14 ஜூலை 2024

நேற்று பென்சில்வேனியாவில் பட்லர் கூட்டத்தில் டிரம்ப்பைச் சுட்டுவிட்டார்கள், காதில் காயம். குடும்பத்தோடு வந்த ஒருவர் இறந்துபோனார். இங்கிருந்து அந்த ஊர் ரொம்ப தூரமில்லை. இன்று பட்டன் பற்றி எழுத மனசு வரவில்லை.

18 ஜூலை 2024

மில்வாக்கியில் டிரம்ப்பின் குடியரசுக் கட்சி மாநாட்டில் பிரதிநிதிகள் சிலர் அவரைப் போலவே வலது காதில் வெள்ளைக் கட்டு ஒட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்திருப்பீர்கள். "இதையும் சேர்ப்பீர்களா?" என்று கேட்கிறார்கள். சேர்ப்பேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அந்த மண்டபத்தில் அதை ஒட்டியிருந்தவர் யார், எந்த மாநிலம், எந்த நாள் என்று எழுதி, அவர் ஒட்டிக்கொண்டிருக்கும் படமும் சேர்ந்து வந்தால். இல்லையென்றால் அது மருந்துக்கடைப் பஞ்சு. யார் வேண்டுமானாலும் மடித்து விற்கலாம்.

ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்காரர்கள் மாநாடுகளுக்கு நேரே போய், ஆட்கள் தலையில் இருக்கும் தொப்பியையும் கையில் இருக்கும் அட்டையையும் அங்கேயே கேட்டு வாங்குவது வழக்கம். அவர்களும் பொருளோடு சேர்த்து ஆளின் கதையைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள்.

22 ஜூலை 2024

நேற்று பைடன் தேர்தல் போட்டியிலிருந்து விலகினார். இரவிலிருந்து ஒரே கேள்வி: பைடன்-ஹாரிஸ் 2024 பட்டனை வாங்கி வைக்கலாமா, விலை ஏறுமா?

1972ஐப் பார்ப்போம். ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளர் மெக்கவர்னுக்குத் துணை வேட்பாளராக ஈகிள்டனை நிறுத்தினார்கள். அவர் மன அழுத்தத்துக்கு மின்சிகிச்சை எடுத்துக்கொண்டது வெளியே வந்தது, நிறுத்திய 18 நாளிலேயே விலகினார். உடனே எல்லோரும் மெக்கவர்ன்-ஈகிள்டன் பட்டனைப் பத்திரப்படுத்தினார்கள். அத்தனை பேரும் பத்திரப்படுத்தியதாலேயே அது இன்றைக்கும் சில டாலருக்குக் கிடைக்கிறது. அபூர்வம் என்று எல்லோருக்கும் தெரிந்த பொருள் அபூர்வமாக இருக்காது.

பைடன்-ஹாரிஸ் பட்டன் மாதக்கணக்கில் விற்றது, ஏகப்பட்டது இருக்கிறது. வாங்குங்கள், விலைக்காக வாங்காதீர்கள்.

22 ஜூலை 2024, மறுபடி

எழுதிவிட்டு யோசித்தேன். மேலே சொன்னது கடையில் விற்ற பட்டனுக்குத்தான் பொருந்தும். ஜனநாயகக் கட்சியின் சிகாகோ மாநாட்டுக்கென்று மாநிலக் கட்சிக்காரர்கள் பைடன் பெயர் போட்டு முன்கூட்டியே அடித்து வைத்தது ஏதாவது இருந்தால் அது வேறு கதை. கொஞ்சமாக அடித்திருப்பார்கள், பெரும்பாலும் குப்பைக்குப் போய்விடும். கட்சி வேலை செய்யும் நண்பர்கள் யாருக்காவது இருந்தால் இந்த வாரமே கேட்டு வையுங்கள்.

23 ஜூலை 2024

"அப்படியானால் உண்மையிலேயே அபூர்வமானது எது சார்?" 1920. அதிலும் எங்கள் ஒஹாயோ.

அந்த வருஷம் இரண்டு பெரிய கட்சி வேட்பாளரும் ஒஹாயோக்காரர்கள், இரண்டு பேருமே பத்திரிகை முதலாளிகள். குடியரசுக் கட்சியில் மேரியன் ஊர் ஹார்டிங். ஜனநாயகக் கட்சியில் டேட்டன் பத்திரிகையின் ஜேம்ஸ் காக்ஸ், ஒஹாயோ ஆளுநர். காக்ஸுக்குத் துணையாக நின்றவர் 38 வயது ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். கட்சியில் பணம் இல்லை, ஜெயிக்கும் நம்பிக்கையும் இல்லை. தனித்தனியாகப் பெயர் போட்ட மலிவுப் பட்டன்களை அடித்தார்கள். இரண்டு பேர் முகமும் சேர்ந்த பட்டன், சேகரிப்பவர்கள் ஜூகேட் என்பார்களே அது, மிகக் கொஞ்சமாகத்தான் வந்தது. ஹார்டிங் 60 சதவீத ஓட்டோடு ஜெயித்தார். தோற்ற பட்டனை யார் எடுத்து வைப்பார்கள்? பன்னிரண்டு வருஷம் கழித்து அந்தத் துணை வேட்பாளர் அதிபராகி, நான்கு முறை ஜெயித்ததும்தான் எல்லோரும் தேட ஆரம்பித்தார்கள். இன்றைக்குக் காக்ஸ்-ரூஸ்வெல்ட் ஜூகேட் இந்த உலகத்தின் கோஹினூர். ஒன்று ஏலத்தில் ஒரு லட்சம் டாலரையும் தாண்டிப் போனது. ஒன்றேகால் அங்குலத் தகரத்துக்கு!

ஆனால் 1920இல் என் மனசு நிற்பது மூன்றாவது ஆளிடம். யூஜின் டெப்ஸ், சோஷலிஸ்ட். 1918 ஜூன் 16 அன்று இதே கேன்டனில், நிமிசிலா பூங்காவில், முதல் உலகப் போரை எதிர்த்துப் பேசினார். அதற்குப் பத்து வருஷம் தண்டனை. அட்லாண்டா மத்திய சிறையில் இருந்துகொண்டே 1920இல் அதிபர் தேர்தலில் நின்றார். பட்டனில் அவர் படம், சுற்றி "அதிபர் பதவிக்கு, கைதி எண் 9653". ஒன்பது லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது. தண்டனையைக் குறைத்து 1921 கிறிஸ்துமஸுக்கு அவரை வெளியே விட்டது, தேர்தலில் ஜெயித்த ஹார்டிங்.

ஒரு கைதியின் முகத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு வேலைக்குப் போக அன்றைக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! வேலை போகலாம், அடி விழலாம். ஹார்டிங் பட்டன் குத்துவதற்கு அந்தத் துணிச்சல் தேவைப்பட்டிருக்காது. கேன்டன் கண்காட்சி ஒன்றில் கண்ணாடிக்குள் இருந்த டெப்ஸ் பட்டனைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். விலையைக் கேட்கவே இல்லை.

1 ஆகஸ்ட் 2024

வெறுப்புப் பொருட்களை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, தள்ளிப் போட முடியாது.

1901 அக்டோபரில் தியடோர் ரூஸ்வெல்ட், கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனை வெள்ளை மாளிகைக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். தென்மாநிலப் பத்திரிகைகள் கொதித்தன. 1904 தேர்தலுக்கு முன்னால் ஒரு பட்டன் வந்தது: இரண்டு பேரும் ஒரே மேசையில், கீழே "சமத்துவம்" என்று ஆங்கிலத்தில். ரூஸ்வெல்ட்டை ஆதரித்தவர்கள் பெருமையாகக் குத்திக்கொண்டது உண்டு. அவருக்கு எதிராகப் பரப்பியவர்களும் உண்டு. அந்தக் கூட்டம் வாஷிங்டன் முகத்தைக் கேலிச்சித்திரமாக்கி அடித்ததும் இருக்கிறது.

கேலிச்சித்திர வகையை நான் வாங்குவதில்லை. காசு கொடுத்தால் அதற்கு ஒரு சந்தையை நானே உண்டாக்குகிறேன்.

3 ஆகஸ்ட் 2024

மேலே இருப்பதைப் படித்துவிட்டு என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் பேசினார். கறுப்பினத்தவர், தாத்தா காலத்திலிருந்து கிளீவ்லண்ட். அவருக்குப் படித்துக் காட்டி மொழிபெயர்த்தேன். "நீ வாங்காவிட்டால் யார் வாங்குவார்கள்? அதைப் பார்த்துச் சிரிப்பவன் வாங்குவான். நாளைக்கு அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பான்" என்றார்.

இரண்டு நாளாக மண்டைக்குள் இதே ஓடுகிறது. எனக்காக வாங்குவதில்லை என்பதில் மாற்றமில்லை. வீட்டில் தொங்கவிட முடியாது, பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் எஸ்டேட் சேலில் கண்ணில் பட்டால் எடுத்து, பக்கத்துப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். கார்னெல் பல்கலைக்கழக நூலகத்திலும் ஸ்மித்சோனியனிலும் இருக்கும் பெரிய தொகுப்புகள் தனி ஆட்கள் சேர்த்து வைத்ததில் தொடங்கியவை. அவர்கள் அழகானதை மட்டும் பொறுக்கியிருந்தால் இன்று பாதி வரலாறு கையில் இருக்காது.

8 ஆகஸ்ட் 2024

ஹாரிஸ்-வால்ஸ் தொப்பி. ராணுவப் பச்சைத் திட்டு, ஆரஞ்சு எழுத்து, நாற்பது டாலர், பிரச்சாரக் கடையில் போட்ட வேகத்தில் தீர்ந்துவிட்டது. இப்போது எல்லாமே இப்படித்தான். 1896இல் பட்டனைச் சும்மா அள்ளிக் கொடுத்தார்கள். இப்போது பிரச்சாரமே கடை நடத்துகிறது, நீங்கள் வாங்குவது நன்கொடையாகக் கணக்கில் ஏறுகிறது. கூட்டத்துக்கு வெளியே மேசை போட்டு விற்கும் வியாபாரிகளுக்கும் பிரச்சாரத்துக்கும் சம்பந்தமே இருக்காது. விளிம்பில் அச்சுத் தொழிலாளர் சங்கத்தின் பொடி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், ஜனநாயகக் கட்சிச் சரக்கில் பெரும்பாலும் இருக்கும். சேகரிப்பவர்கள் இரண்டு வகையையும் தனித்தனியாகக் குறித்து வைப்பது நல்லது.

தென்னை மரச் சட்டை பற்றிக் கேட்ட அக்காவுக்கு: ஆமாம், ஹாரிஸ் 2023இல் ஒரு பேச்சில் தன் அம்மா சியாமளா கோபாலன் சொல்வதாகச் சொன்ன, "தென்னை மரத்திலிருந்து விழுந்தா வந்தீர்கள்?" என்ற தென்னை மரக் கதைதான் இந்த ஜூலையில் பட்டனாகவும் சட்டையாகவும் முளைத்தது.

இதோடு இன்னொன்று. மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தில், அவர் தாத்தா ஊரில், வாழ்த்து ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள், 2020இலும் கட்டினார்கள். ஒரு அமெரிக்கத் தேர்தலுக்கு ஒரு தமிழ்க் கிராமம் தன் கையால் கட்டிய பேனர். அந்தப் பக்கம் யாராவது இருந்தால் தேர்தல் முடிந்து கழற்றும்போது கேட்டு வாங்கி, சுருட்டி வையுங்கள், மடிக்காதீர்கள். வெயிலில் சாயம் போயிருந்தாலும் பரவாயில்லை. எனக்கு வேண்டாம், உங்கள் ஊர் நூலகத்தில் இருக்கட்டும். இதை நான் முழு மனசோடு கேட்கிறேன்.

10 ஆகஸ்ட் 2024

பாதுகாப்பு பற்றி நிறையப் பேர் கேட்டதால். செல்லுலாய்டுப் பட்டனைத் தண்ணீரில் கழுவவே கூடாது. ஈரம் விளிம்பு வழியாக உள்ளே போய் காகிதத்தில் பழுப்புப் புள்ளி விழும், கீழே உலோகம் துருப்பிடிக்கும், அதற்கு மருந்தே கிடையாது. உலர்ந்த மெல்லிய துணி போதும். வெயில் படும் சுவரில் மாட்டினால் சிவப்பு முதலில் போகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் வேண்டாம், செல்லுலாய்டு பழசாகும்போது ஆவி விடும், அது அடைபட்டால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் அடுப்பு, ஹீட்டர் பக்கம் கூடாது. கண்ணாடி மூடி போட்ட தட்டையான அட்டைப் பெட்டியில் பஞ்சின் மேல் அடுக்குவதுதான் இங்கே வழக்கம். பேஸ்மென்ட் கூடவே கூடாது.

7 நவம்பர் 2024

தேர்தல் முடிந்தது. யார் ஜெயித்தார், ஏன் ஜெயித்தார் என்று இங்கே சண்டை வேண்டாம், அதற்கு ஊரெல்லாம் இடம் இருக்கிறது.

இந்த வாரம் தோற்ற கட்சியின் வார்டு ஆபீசுக்குப் போங்கள். அட்டை, தொண்டர்களுக்குக் கொடுத்த கையேடு, வீடு வீடாகப் போனவர்கள் குறித்த சீட்டு, எல்லாம் குப்பைப் பையில் கட்டி வெளியே வைத்திருப்பார்கள். கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள், சிலர் பேசிக்கொண்டே அழுவார்கள், கொஞ்ச நேரம் நின்று கேளுங்கள். ஜெயித்தவர் பொருளை எல்லோரும் வைத்திருப்பார்கள். தோற்றவருடையது இந்த வாரத்தோடு போய்விடும்.

மிச்சிகன் பையனுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். 1952இல் ஐசன்ஹோவரை எதிர்த்து நின்ற ஸ்டீவன்சன், உங்கள் ஃபிளின்ட் நகரில் மேடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். ஷூவின் அடியில் ஓட்டை. ஃபிளின்ட் பத்திரிகைப் புகைப்படக்காரர் வில்லியம் கல்லகர் அதைப் படமெடுத்தார், அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு வாங்கினார். ஸ்டீவன்சன் ஆட்கள் அதையே சின்னமாக்கிக்கொண்டார்கள்: வெள்ளி நிறத்தில் விரல்நுனி அளவு ஷூவின் அடிப்பாகம், நடுவில் ஓட்டை. தோற்ற கட்சிக்காரர்கள் ரொம்ப நாள் அதைக் குத்திக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் ஒரு பையனின் கைக்காசுக்குக் கிடைக்கும். டப்பாவில் இருக்கும் வில்கி பட்டனோடு இதையும் சேர்த்தால் அதுவே நல்ல தொடக்கம். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு மூன்றாவது தடவை கூடாது என்று 1940இல் வில்கி தரப்பு போட்ட வாசகங்கள் ஏராளம், அவையும் பெரும்பாலும் மலிவுதான், படிக்கப் படிக்கச் சுவாரசியம்.

21 ஜனவரி 2025

குளிர் காரணமாக நேற்றைய டிரம்ப் பதவியேற்பை நாடாளுமன்றக் கேபிடல் கட்டடத்துக்குள், ரொட்டுண்டா என்ற வட்ட மண்டபத்தில் நடத்திவிட்டார்கள். வெளியே உட்காரவும் நிற்கவும் இரண்டு லட்சத்துக்கும் மேல் டிக்கெட் கொடுத்திருந்தார்கள். அத்தனையும் ஞாபகார்த்தச் சீட்டாகிவிட்டது. காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினர் ஆபீஸ் மூலமாக டிக்கெட் வாங்கி வாஷிங்டன் வரை போய்த் திரும்பிய ஒரு தம்பி, தூக்கிப் போட்டுவிடலாமா என்கிறார். ஐயோ, வேண்டாம்.

1985இலும் இதேதான். ரீகனின் இரண்டாம் பதவியேற்பு, ஜனவரி 21, கடுங்குளிர், ரொட்டுண்டாவுக்குள் போனது, ஊர்வலமும் ரத்து. 1909இல் எங்கள் ஒஹாயோ டாஃப்ட் பனிப்புயலால் செனட் அறைக்குள் பதவியேற்றார். டிக்கெட் சேகரிப்பு தனி உலகம். 1868இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் மீது செனட்டில் பதவி நீக்க விசாரணை நடந்தபோது பார்வையாளர்களுக்கு நாளுக்கு ஒரு நிறத்தில் சீட்டு அடித்தார்கள், அவை இன்றைக்கும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

தம்பி, லேமினேட் செய்யாதீர்கள். அமிலமில்லாத உறை வாங்கி அதில் போடுங்கள். டிக்கெட்டின் மேல் எதுவும் எழுத வேண்டாம். தனித் தாளில் பென்சிலால், எந்த ஊரிலிருந்து போனீர்கள், வெளியே உட்கார முடியாது என்ற செய்தி வந்தபோது எங்கே இருந்தீர்கள், பிறகு எங்கே நின்று பார்த்தீர்கள், எல்லாம் மறப்பதற்குள் எழுதிக் கூடவே வையுங்கள். மெட்ரோ அட்டை இருந்தால் அதையும்.